தூசி என்று சொன்னேன்

மிளகு பிழைத்துக்கொண்டது. அதற்காக என்னைப் பலர் பாராட்டினார்கள். கால்நடை மருத்துவமனையில் பாராட்டினார்கள். நான் நர்ஸாக வேலை பார்க்கும் வார்டிலும் பாராட்டினார்கள். மிக்சோமாடோசிஸ் வந்த முயலைத் தேற்றிக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்ட நாட்களில் அடுத்த தெருவில் இன்னொரு முயல் செத்தது. மிளகோடு ஒரே ஈற்றில் பிறந்த முயல். அதன் சாவில் எனக்குப் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று படிப்பவர்கள் முடிவு செய்யட்டும். நான் எதையும் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், கென்ட் பக்கம் ஒரு சிறிய ஊர். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அடுத்த தெருவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் என்னைவிட இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் மகனும் அவள் மகளும் ஒரே பள்ளி. இரண்டு பேரும் சேர்ந்து கெஞ்சியதால்தான் முயல் வாங்கினோம். கறுப்புக் குட்டி எங்களுக்கு, வெள்ளை அவர்களுக்கு. கறுப்பு மிளகு ஆயிற்று, வெள்ளை பஞ்சு ஆயிற்று. முதல் தடுப்பூசிக்கு இரண்டையும் ஒரே கூடையில் வைத்துக் கொண்டுபோனோம்.

அடுத்த வசந்தத்தில் கால்நடை மருத்துவமனையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கடிதம் வந்தது. தடுப்பூசியை மறுபடி போட வேண்டிய நேரம் என்று. அவள் கடிதத்தோடு வந்தாள்.

“அக்கா, திரும்பவும் ஊசி போடத்தான் வேணுமே?”

“ஒரு தடவை போட்டாச்சில்ல. அது போதும். வருஷா வருஷம் கூப்பிடுறது அவங்க வியாபாரம்” என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. எந்தத் தாளையும் புரட்டவில்லை. யாரையும் கேட்கவில்லை. குழந்தைகளுக்குப் போடும் தட்டம்மை ஊசி மனதில் இருந்தது. அது நீண்ட காலம் காக்கும், ஆகவே இதுவும் காக்கும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பிரிட்டனில் 2020 முதல் முயல்களுக்கு ஒரு கூட்டுத் தடுப்பூசி கிடைக்கிறது. மிக்சோமாடோசிஸுக்கும், ரத்தக்கசிவு நோயின் இரண்டு வகைகளுக்கும் சேர்த்து ஒரே ஊசி. ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். போட்டு மூன்று வாரம் ஆனால்தான் அதன் காவல் முழுமையாகும். இதெல்லாம் முதல் ஊசியின்போதே கையில் கொடுத்த துண்டுத்தாளில் இருந்தது. அந்தத் தாள் எங்கள் சமையலறை இழுப்பறையில்தான் கிடந்தது.

அவள் என் பேச்சை நம்பியது அக்கா என்பதற்காக மட்டும் இல்லை. நர்ஸ் சொல்கிறாளே என்று நம்பினாள். அது எனக்குத் தெரியும். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஊரை விட்டு வந்த இடத்தில் நாலு பேர் நம்மிடம் வந்து யோசனை கேட்பது ஒரு போதை. எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்ல என் வாய் வரவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதையின் கரை. அங்கே காட்டு முயல்கள் உண்டு. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை டான்டிலியன் இலை பறிக்கப் போனேன். பாதை நடுவில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் போயும் ஓடவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. காதடி தடித்திருந்தது. மூக்கைச் சுற்றிப் பீளையும் சளியும் அப்பியிருந்தன. துண்டுத்தாளில் இருந்த படம் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். ஏதோ கிழட்டு முயல், கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அந்தப் படத்தை ஒப்புக்கொண்டால் வசந்தத்தில் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். நான் நடந்துபோனதற்கு வேறு காரணம் இல்லை.

அன்றைக்கும் இலை பறித்தேன். வழக்கம்போலப் பாதியைப் பஞ்சுவுக்குக் கொடுத்தனுப்பினேன். ஆகஸ்ட் முழுவதும் இப்படியே நடந்தது.

செப்டம்பர் நடுவில் மிளகின் இடது கண் இமை தடித்தது. நான் மருத்துவமனைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்தை விட்டேன். இமைத் தொற்று, இரண்டு நாளில் அடங்கும் என்று மகனுக்கு விளக்கம் வேறு சொன்னேன். அடங்கவில்லை. அடுத்த கண்ணும் தடித்தது. மூக்கில் ஒரு முடிச்சு எழும்பியது. சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிப் பார்க்காமல் மூலையில் குறுகி உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் இளம் பெண். பார்த்த உடனே அவர் முகம் மாறியது. நோயின் பெயரைச் சொன்னார். தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். ஊசியே போடாத முயல் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும் என்றார். பழைய ஊசியின் மிச்சம் உடம்பில் கொஞ்சம் இருக்கிறது, நெஞ்சில் இன்னும் சளி இறங்கவில்லை, அதனால் முயன்று பார்க்கலாம் என்றார். வலி தாங்க முடியாத நிலை வந்தால் ஊசி போட்டு முடித்துவிடும் வழியும் உண்டு, அதைப் பாவமாக நினைக்க வேண்டாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். “பக்கத்தில் முயல் வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். தடுப்பூசி போடட்டும். கண்ணில் லேசான வீக்கம் தெரிந்தாலும் உடனே கொண்டுவரட்டும்.”

தலையாட்டினேன்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்த வாக்குமூலத்தின் நடுப்பகுதி. கூடையோடு வீட்டு வாசலில் இறங்கினேன். அவள் பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, மிளகின்ர கண்ணுக்கு என்ன?”

என் கைப்பையில் நோயின் பெயர் அச்சிட்ட தாள் இருந்தது. டாக்டரின் குரல் இன்னும் காதில் இருந்தது. அவளிடம் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். இது தொற்று நோய். நான் ஊசி வேண்டாம் என்று சொன்னது தப்பு. இவ்வளவுதான். அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதல் வாக்கியத்தைச் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று மனம் தேடியது. இல்லை என்று தெரிந்தது. பக்கத்தில் அவள் மகள் வேறு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. உலர்புல் தூசி கண்ணில பட்டிருக்கு. மருந்து கொடுத்திருக்காங்க. சரியாயிடும்” என்றேன்.

குரல் நடுங்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன். வார்டில் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் பேசிப் பழகிய குரல் அது. அதை அன்றைக்கு இதற்குப் பயன்படுத்தினேன்.

இரவில் கணவரிடம் சொன்னேன். “போய்ச் சொல்லிடு. இப்பவே போ” என்றார். நாளைக்கு என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

அதன்பிறகு நான் செய்த சிகிச்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நன்றாகத்தான் நடந்தது. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

இந்த நோயின் வைரஸ் பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. தெள்ளுப்பூச்சியும் கொசுவும் ஒரு முயலிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். நோயுள்ள முயலின் நெருக்கத்திலும் பரவும். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வைரஸ் தன் ஆட்டத்தை ஆடி முடிக்கும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. வலிக்கு மருந்து, புண்ணில் வேறு கிருமி சேராமல் இருக்க ஆன்டிபயாடிக், குடல் நிற்காமல் இருக்க ஒரு மருந்து. மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் கையில். முயல் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் அதற்கு வாயால் சமாளிக்கத் தெரியாது. ஆகவே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் இமைகள் ஒட்டிப்போகும். இழுக்கக் கூடாது. ஊறவைத்து, பீளை தானாக இளகும்வரை காத்திருக்க வேண்டும்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அரை நாள் பட்டினி கிடந்தாலே குடல் நிற்கத் தொடங்கிவிடும். புல்லைப் பொடியாக்கிச் செய்த சத்துமாவு ஒன்று தருகிறார்கள். அதை வெந்நீரில் குழைத்து, மிளகைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் சிரிஞ்சைப் பக்கவாட்டில் நுழைத்து, சொட்டுச் சொட்டாக விடுவேன். வேகமாக விட்டால் புரையேறும். மெல்லும்வரை காத்திருந்து அடுத்த சொட்டு. புழுக்கையை எண்ணிக் குறித்து வைப்பேன். சமையலறைத் தராசில் எடை பார்ப்பேன். அறையைச் சூடாக வைத்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, இரவு வேலை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்துவிடுவேன். வார்டில் எந்த நோயாளிக்கும் இவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பு எழுதியதில்லை.

அன்பு இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உழைப்பில் ஒரு கணக்கும் இருந்தது. மிளகு பிழைத்துவிட்டால் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற கணக்கு. தூசி பட்டது, மருந்து போட்டோம், சரியாயிற்று என்று கதை முடிந்துவிடும். ஒவ்வொரு சிரிஞ்சிலும் என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

இடைப்பட்ட இரவுகளில் இந்த நோயைப் பற்றிப் படித்தேன். ஜியுசெப்பே சனரெல்லி என்ற இத்தாலிய விஞ்ஞானி 1896இல் உருகுவேயின் மாண்டிவிடியோவில் முதன்முதலில் கண்டறிந்த நோய். தென் அமெரிக்காவின் சொந்த முயல்களுக்கு அது ஒரு சின்னக் கட்டியோடு போய்விடும். நாம் வீட்டில் வளர்க்கும் ஐரோப்பிய முயல் இனத்துக்குத்தான் எமன். அதைத் தெரிந்தே 1950இல் ஆஸ்திரேலியாவில் காட்டு முயல்களைக் கொல்லப் பரப்பினார்கள். மனிதர்களுக்கும் தொற்றுமோ என்று மக்கள் பயந்தபோது பெர்னட், ஃபென்னர், க்ளூனீஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் வருமா அம்மா என்று மகன் கேட்டபோது இதைச் சொல்லித்தான் தைரியம் கொடுத்தேன். அவர்கள் தங்கள் சொல்லுக்குத் தங்கள் உடம்பைப் பணயம் வைத்தார்கள். நான் என் சொல்லுக்கு இன்னொரு வீட்டு முயலைப் பணயம் வைத்திருந்தேன்.

பிரான்சில் நடந்ததைப் படித்துவிட்டு அன்று தூங்கவில்லை. 1952இல் ஆர்மான்-தெலீல் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், மாய்ல்போவா என்ற இடத்தில் இருந்த தன் பண்ணையில் முயல் தொல்லையைத் தீர்க்க நினைத்தார். இரண்டு முயல்களுக்கு வைரஸை ஏற்றி விட்டார். பண்ணையைச் சுற்றி மதில் இருக்கிறது, நோய் வெளியே போகாது என்று நம்பினார். போயிற்று. சில ஆண்டுகளில் பிரான்சின் காட்டு முயல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. 1953இல் அது இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த இடம் கென்டில் இருக்கும் ஈடன்பிரிட்ஜ். நான் இலை பறிக்கும் கரையில் இருக்கும் நோய், அந்த மதிலைத் தாண்டி வந்த நோய்தான். அவருக்கு 1955இல் அபராதம் விதித்தார்கள். 1956இல் பதக்கமும் கொடுத்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. படித்தவர், மருத்துவர், தனக்குத் தெரியும் என்று நினைத்தவர். சற்று நேரம் கழித்துத்தான் அந்த வசை யாருக்குப் பொருந்துகிறது என்று உறைத்தது. உறைத்தும் எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை.

மிளகு தானாக ஒரு கொத்தமல்லித் தண்டைக் கடித்த நாளில் நான் அதைப் படம் எடுத்தேன். வார்டின் தேநீர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன். எல்லோரும் என் பொறுமையை மெச்சினார்கள். அதே நாளில் பஞ்சுவின் கண் தடிக்கத் தொடங்கியிருந்தது.

அவள் பதறவில்லை. ஏன் பதற வேண்டும்? அக்கா வீட்டு முயலுக்கு வந்ததுதானே, உலர்புல் தூசிதானே. இரண்டு வீட்டுக்கும் உலர்புல் ஒரே கடையிலிருந்துதான் வரும். உப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டாள். மருந்து போட்டால் சரியாகும் என்று நான் சொன்னதையே தன் மகளிடமும் சொன்னாள். வேலைக்கு விடுப்பு கிடைக்கும் நாளில் டாக்டரிடம் காட்டலாம் என்று இருந்தாள். ஒரு நாள் பஞ்சு சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டபோது கொண்டுபோனாள். நெஞ்சு முழுக்கச் சளி. குடல் நின்றிருந்தது. அதே டாக்டர்தான் பார்த்திருக்கிறார். மிளகுக்குச் சொன்ன முயன்று பார்க்கலாம் என்ற சொல்லை அவர் பஞ்சுவுக்குச் சொல்லவில்லை. ஊசி போட்டு முடிக்கும் வழியைத்தான் சொன்னார். அவள் மகள் பஞ்சுவைக் கையில் பிடித்திருக்கும்போதே அது நடந்தது.

இரண்டுக்கும் ஒரே வயது. ஒரே நாளில் போட்ட ஊசி. உடம்பில் ஒரே அளவு மிச்சம். ஒன்றுக்கு நோயின் பெயர் தெரிந்து மருந்து கிடைத்தது. மற்றதற்கு என் பொய் கிடைத்தது.

அவள் அழுதுகொண்டே எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். பஞ்சுவுக்கு வந்தது மிக்சோமாடோசிஸாம், மிளகைக் கவனமாகப் பாருங்கோ என்றாள். என் முயலுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்து எச்சரித்தாள். எனக்கு நோயின் பெயர் தெரிந்த அன்று நான் செய்யாததை, அவள் தெரிந்த அதே மணி நேரத்தில் செய்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை. ஐயோ என்றேன். ஆறுதல் சொன்னேன்.

சில நாள் கழித்து அவள் மகள் மிளகைப் பார்க்க வந்தாள். மூக்கில் காய்ந்த பொருக்கைத் தொட்டுப் பார்த்தாள். பஞ்சுவுக்கும் இதே இடத்தில் இருந்தது என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அன்ரி, மிளகுக்குக் குடுத்த மருந்தைப் பஞ்சுவுக்கும் குடுத்திருக்கலாமா?”

கொடுத்திருக்கலாம் என்று அந்தக் குழந்தையிடம் சொன்னேன். அதற்கு மேல் அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. அன்று மாலையே அவள் அம்மாவிடம் போனேன். தூசி என்று சொன்னது பொய், எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னேன். அவள் கத்தவில்லை. “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா. நான் உங்களை என்ன செய்துபோடுவன்?” என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டாள். ஊசி விஷயத்தில் நானும்தான் விசாரித்திருக்க வேணும் என்று பழியில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஏனென்றால் ரயில் கரையில் பார்த்த முயலைப் பற்றி அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு, முழு உண்மை சொன்னவளின் நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். அவள் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

இதை எழுத உட்கார்ந்தபோது அந்த மிச்சப் பாதி இல்லாமல் எழுத முடியாது என்று தெரிந்தது. அவள் அதை அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. போன வாரம் மறுபடி போனேன். ஆகஸ்டில் கண் மூடிய முயலைப் பார்த்ததையும், அது என்னவென்று மனதுக்குள் தெரிந்ததையும், அந்தக் கரையில் பறித்த இலையை அதன் பிறகும் பஞ்சுவுக்குக் கொடுத்தனுப்பியதையும் சொன்னேன். ஊசி விஷயத்தில் அவளுக்குப் பங்கு எதுவும் இல்லை என்றும் சொன்னேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, நான் அதைப் பார்த்தது எந்தக் கிழமை, எந்தத் தேதி என்று கேட்டாள். சொன்னேன். விரலை மடக்கி எண்ணினாள். இப்போது அந்த நோயைப் பற்றி அவளுக்கும் எல்லாம் தெரியும்.

“ஊசி பிடிக்க மூண்டு கிழமை வேணுமெண்டு டொக்டர் சொன்னவ. அப்ப நேரம் இருந்திருக்கு, என்ன?”

“இருந்தது” என்றேன்.